மரச்சட்டக வீடு: சட்டக வடிவமைப்பாளரை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?

குறைந்த கார்பன் வீடு கட்டுவது, அதையும் மரச்சட்டகத்தில் கட்டுவது என்று முடிவாகிவிட்டது. ஆர்க்கிடெக்டும் கிடைத்துவிட்டார். அடுத்து ஒரு முடிவு எடுக்க வேண்டும். பலர் அதை முடிவாக எண்ணாமல் தன்போக்கில் நடக்க விட்டுவிடுகிறார்கள். சட்டகத்தைக் கணக்கிட்டு, சுவருக்குள் செங்குத்தாக நிற்கும் மரங்களான நிலைச்சட்டங்கள் ஒவ்வொன்றையும் வரைந்து, ஆலைக்கு வெட்டுப்பட்டியல் அனுப்பும் வடிவமைப்பாளர் எந்தக் கட்டத்தில் வேலைக்குள் வர வேண்டும்? வீட்டின் கார்பன் கணக்கு, சுவரின் வெப்பக்காப்பு, செலவு ஆகிய மூன்றுமே இதற்கான பதிலைப் பொறுத்து மாறும்.

நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. முதல் வழியில் ஆர்க்கிடெக்ட் தனியாக வரைந்து கட்டிட அனுமதி வாங்குகிறார். அதன் பிறகே வரைபடங்கள் சில சட்டக ஆலைகளுக்கு விலை கேட்டுப் போகின்றன. எந்த ஆலைக்கு வேலை போகிறதோ, அதன் வடிவமைப்பாளர் அப்போதுதான் வீட்டை முதன்முறையாகப் பார்க்கிறார். இதைப் பின்சேர்ப்பு என்று அழைப்போம். இரண்டாவது, எந்த ஆலையையும் சாராத மரக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை முதல் கோட்டுப்படத்திலிருந்தே ஆர்க்கிடெக்டோடு உட்கார வைப்பது. மூன்றாவது, சட்டகத்தைத் தயாரிக்கப்போகும் ஆலையையே முன்கூட்டித் தேர்ந்தெடுத்து, கட்டுமான ஒப்பந்தத்துக்கு முன்பாக ஒரு சிறு வடிவமைப்பு ஒப்பந்தம் போட்டு, அதற்குத் தனிக் கட்டணம் கொடுத்து, ஆலையின் வடிவமைப்பாளரை அனுமதி வரைபடத்துக்கு முன்பே கொண்டுவருவது.

பின்சேர்ப்பில் சேமிப்பதுபோலத் தோன்றும் பணம் பெரும்பாலும் எஃகாகவும் கான்கிரீட்டாகவும் திருத்த வரைபடமாகவும் திரும்பி வருகிறது என்பது எங்கள் கருத்து. அதற்கான காரணங்கள் அனுமதி வரைபடத்தில் இருக்கின்றன. அந்தத் தாளில் கையெழுத்து விழும்போதே சட்டகத்தின் பெரிய முடிவுகள் உறைந்துவிடுகின்றன. அதன்பின் வருபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவர் செய்யக்கூடியது பழுதுபார்ப்பு மட்டுமே.

அனுமதி வரைபடத்தோடு உறைந்துவிடுபவை

முதலில் சுவரின் தடிமன். கோட்டுப்படத்தில் வெளிச்சுவரை 300 மி.மீ என்று போடுவது பழக்கத்தால் வருவது. குறைந்த கார்பன் வீட்டுக்கான சுவரை உள்ளிருந்து அடுக்கிப் பாருங்கள்: உள்பலகை 15, வயரிங்கும் குழாயும் ஓடும் இடைவெளி 45, காற்றுப்புகாத ஓஎஸ்பி பலகை (மரச்சீவல்களை ஒட்டி அழுத்திய பலகை) 12, வெப்பக்காப்பு நிறைந்த நிலைச்சட்டம் 220, வெளியே மரநார்ப் பலகை 60, காற்றோட்டத்துக்கான ரீப்பர் 40, வெளி மரப்பலகை 22. மொத்தம் 414 மி.மீ. வெளி அளவு 10 மீட்டருக்கு 8 மீட்டர் உள்ள வீட்டில் 300-க்குப் பதில் 414 வந்தால் ஒரு தளத்தில் சுமார் 3.8 சதுர மீட்டர் உள்பரப்பு போய்விடும். இரண்டு தளத்தில் 7.5 சதுர மீட்டர். அதாவது ஒரு சிறிய அறை. அந்த இழப்பை ஏற்க மனமில்லாவிட்டால் வெளிக்கோட்டைத் தள்ள வேண்டும், அதற்கு அனுமதியைத் திருத்த வேண்டும். இரண்டும் வேண்டாம் என்றால் நிலைச்சட்டத்தை 140-க்கு இறக்கி, அந்த இடத்தில் பெட்ரோலிய நுரைக் காப்புப் பலகையைத் திணிக்க வேண்டும். பின்சேர்ப்பில் பெரும்பாலும் கடைசி வழிதான் நடக்கிறது. மரநாரும் செல்லுலோஸும் வைத்துத் தொடங்கிய வீடு நுரைப்பலகையில் முடிவது பெரும்பாலும் இந்த 114 மில்லிமீட்டரால்தான்.

அடுத்தது கட்டம், அதாவது நிலைச்சட்டங்களின் இடைவெளி. ஓஎஸ்பி பலகையின் அகலம் 1200 மி.மீ, எனவே நிலைச்சட்டங்கள் 600 அல்லது 400 மி.மீ நடுவிட்டு நிற்கும். 9.6 மீட்டர் சுவரில் 600 இடைவெளிக்கு 17 நிலைச்சட்டம், 400 இடைவெளிக்கு 25. ஜன்னல்கள் கட்டத்தோடு பொருந்தாமல் விழுந்தால் ஒவ்வொரு ஜன்னலின் இரு பக்கமும் கூடுதல் சட்டங்கள் நிற்கும். சுவரின் மூலை, உள்சுவர் வந்து சேருமிடம், மேல்தளச் சுமை இறங்குமிடம் எல்லாம் சேர்ந்து சுவர்ப்பரப்பில் மரம் பிடிக்கும் பங்கு கூடிக்கொண்டே போகும். வெப்பக் கணக்கில் 15 சதவீதம் என்று எடுத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம். கவனமின்றி வரைந்த வீட்டில் அது எளிதாக 25-ஐத் தொடும்.

இது யூ மதிப்பை, அதாவது சுவர் வெப்பத்தை வெளியேவிடும் வேகத்தை, எவ்வளவு மாற்றும்? 140 மி.மீ நிலைச்சட்டம், இடையில் 0.035 வெப்பக்கடத்தல் உள்ள கனிமக் கம்பளி, மரத்துக்கு 0.13, மற்ற அடுக்குகளும் பரப்புகளும் சேர்த்து 0.5 வெப்பத்தடை என்று வைத்து எளிய இணைக் கணக்குப் போட்டால், 15 சதவீத மரத்தில் யூ மதிப்பு 0.28 வருகிறது, 25 சதவீதத்தில் 0.33-ஐ ஒட்டுகிறது. சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு இத்தனை வாட் என்ற அளவில் இது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கூடுதல் வெப்ப இழப்பு. வெளியே 60 மி.மீ மரநார்ப் பலகையைத் தொடர்ச்சியாகப் போர்த்தினால் அதே இரண்டு சுவர்களும் 0.19, 0.21 என்று நெருங்கிவிடுகின்றன. கட்டத்தைச் சரிசெய்ய முடியாத வீட்டுக்கு வெளிப்போர்வை ஒரு காப்பு. ஆனால் அதற்கும் சுவர்த் தடிமன் வேண்டும், மறுபடி அனுமதி வரைபடத்துக்கே வந்து நிற்கிறோம்.

ஜன்னலை 150 மி.மீ தள்ளுவது கோட்டுப்படத்தில் ஒரு நிமிட வேலை. முகப்பு அனுமதியான பிறகு அதே 150 மி.மீ ஒரு விண்ணப்பம்.

மூன்றாவதாக வருவது திறப்புகளும் காற்றின் பக்கவாட்டு விசையும். எங்கள் பார்வையில் அதிகக் கார்பன் வீணாவது இங்கேதான். சட்டகச் சுவர் காற்றை எதிர்த்து நிற்பது அதன்மேல் ஆணி அடித்த ஓஎஸ்பி பலகையால். மரக் கட்டமைப்புக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பான யூரோகோடு 5-இன் எளிய முறைப்படி, சுவர் உயரத்தில் நான்கில் ஒரு பங்குக்குக் குறைவான அகலமுள்ள துண்டுப் பலகை பக்கவாட்டு விசையைத் தாங்குவதாகக் கணக்கில் சேராது. 2.4 மீட்டர் உயரச் சுவரில் இது 600 மி.மீ. ஒரு முகப்பை முழுக்கக் கண்ணாடியாக்கி இரு ஓரத்திலும் 300 மி.மீ சுவர் மட்டும் விட்டால், கணக்கின் கண்ணில் அந்த முகப்பில் சுவரே இல்லை. மூலையில் வளைந்து வரும் ஜன்னல் இருந்தால் இரண்டு முகப்புகள் ஒரே நேரத்தில் பலவீனமாகின்றன.

பின்சேர்ப்பில் வரும் வடிவமைப்பாளருக்கு இதற்கு ஒரே மருந்துதான்: எஃகுச் சட்டம். 6 மீட்டர் திறப்புக்கு இரண்டு தூணும் ஒரு உத்திரமும், மீட்டருக்கு 46 கிலோ எடையுள்ள எஃகு வகையில் எடுத்தால், சுமார் 500 கிலோ எஃகு. இரும்புத் தாதுவிலிருந்து உருக்கிய எஃகுக்குக் கிலோவுக்குச் சுமார் 2 கிலோ கார்பன் டைஆக்சைடு. ஆக இந்த ஒரே திறப்பில் ஏறக்குறைய ஒரு டன். அதோடு தொல்லை முடியவில்லை. மரத்தைவிட எஃகு சில நூறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சுவருக்குள் அது ஒரு வெப்பப் பாலம், குளிர்காலத்தில் அதன் உள்முகத்தில் நீர் கோக்கும். எஃகு வேலை செய்பவரும் மர வேலை செய்பவரும் வேறு வேறு ஆட்கள். எஃகுத் தூண் 10 மி.மீ தள்ளி நின்றால் ஆலையில் செய்துவந்த சுவர்ப் பேனல் பொருந்தாது.

தொடக்கத்திலேயே கேட்டிருந்தால்? 6 மீட்டர் திறப்பின் மேல் கிளூலாம் எனப்படும் ஒட்டடுக்கு உத்திரம், மேல்தளச் சுமையோடு, 360 முதல் 400 மி.மீ ஆழம் கேட்கும் என்பது முதல் மதிப்பீடு. தளத்தின் மொத்தத் தடிமன் 300 மி.மீ, கண்ணாடி கூரைப்பலகை வரை போகிறது என்றால் இந்த உத்திரம் மறையாது. கண்ணாடியின் மேல்விளிம்பை 150 மி.மீ தாழ்த்தினாலோ தளத்துக்குத் தள உயரத்தை 100 மி.மீ கூட்டினாலோ மறையும். காற்று விசையை, அதே முகப்பில் 700 மி.மீ அளவில் இரண்டு சுவர்த்துண்டுகளும், வீட்டின் நடுவே மாடிப்படியை ஒட்டி ஓடும் ஒரு உள்சுவரும் பகிர்ந்துகொள்ளலாம். அந்த உள்சுவருக்கும் ஓஎஸ்பி அடிக்க வேண்டும், அடித்தளத்தோடு நங்கூரமிட வேண்டும், அதில் பின்னாளில் கதவு வெட்டக் கூடாது. இவை ஆர்க்கிடெக்டின் அழகுணர்வைக் கெடுக்கும் சமரசங்கள் அல்ல. நூறு மில்லிமீட்டர் இங்கும் அங்கும் நகர்வது யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரு டன் கார்பன் கணக்கில் தெரியும்.

நான்காவது, தளத்தின் ஆழமும் அதற்குள் ஓடும் குழாய்களும். காற்றுப்புகாத வீட்டுக்கு வெப்ப மீட்பு காற்றோட்ட இயந்திரம் வேண்டும். அதன் பிரதானக் குழாய் 150 மி.மீ விட்டத்தில் வரும், காப்பு சுற்றினால் இன்னும் பெரிதாகும். அறைகளுக்குப் போகும் கிளைக்குழாய்கள் 75 முதல் 90 மி.மீ. மேல்தள உத்திரங்கள் ஐ வடிவ உத்திரமாக இருந்தால் நடுவிலுள்ள மெல்லிய பலகையில் மட்டுமே, அதுவும் தயாரிப்பாளர் அட்டவணை அனுமதிக்கும் இடத்தில் மட்டுமே துளை போடலாம்; மேல், கீழ் விளிம்புகளைத் தொடவே கூடாது. உலோக வலை உத்திரம் என்றால் குழாய் ஊடாகவே போகும், ஆனால் உலோகத் தகடு கூடும். எந்த உத்திரம், எந்தத் திசையில், இயந்திரம் எங்கே என்ற மூன்றும் ஒரே அமர்வில் முடிவாக வேண்டும். அப்படி முடிவாகாத வீட்டில் குழாய்க்காரர் ரம்பத்தோடு வந்து விளிம்பை வெட்டுவதும், பொறியாளர் ஓடிவந்து இரட்டை உத்திரம் போடச் சொல்வதும் வழக்கமான காட்சி.

அஸ்திவாரம், யாரும் எதிர்பாராத பெரிய எண்ணிக்கை

சட்டகம் பற்றிப் பேசும்போது அஸ்திவாரத்தை விட்டுவிடுகிறோம். அடித்தளப் பொறியாளருக்குச் சட்டகத்தின் சுமை தெரியாவிட்டால் அவர் பாதுகாப்பாக, கனமான வீட்டுக்கு ஏற்றபடி வரைவார். அவரைக் குறை சொல்ல முடியாது. 80 சதுர மீட்டர் கான்கிரீட் தட்டு 300 மி.மீ தடிமனில் இருப்பதற்கும் 200 மி.மீ தடிமனில் இருப்பதற்கும் வித்தியாசம் 8 கன மீட்டர். சாதாரணக் கான்கிரீட்டுக்குக் கன மீட்டருக்கு 250 முதல் 350 கிலோ கார்பன் டைஆக்சைடு. ஆக 2 முதல் 2.8 டன். மேலே சொன்ன எஃகுச் சட்டத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மண்ணும் அனுமதித்தால், சுவர்க் கோட்டுச் சுமைகளும் தூண்புள்ளிச் சுமைகளும் எழுதிய ஒரே ஒரு தாள், சட்டக வடிவமைப்பாளரிடமிருந்து அடித்தளப் பொறியாளருக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தால் இது மிச்சம்.

பின்சேர்ப்பில் அந்தத் தாள் வருவதற்குள் குழி தோண்டியாகிவிடுகிறது. இன்னொரு சிக்கலும் சேர்கிறது. சட்டக ஆலைகள் அடித்தளத்தின் மட்டம் 5 மி.மீ கூடவோ குறையவோ மட்டுமே இருக்கலாம் என்று கேட்பது வழக்கம். கான்கிரீட் ஊற்றுபவரின் வழக்கமான துல்லியம் அதைவிடத் தளர்வானது. யார் அளப்பது, எப்போது அளப்பது, பிசகினால் யார் சரிசெய்வது என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை என்றால், கிரேன் வந்து நிற்கும் நாளில் சண்டை நடக்கும்.

கார்பன் கணக்கை யார் போடுவது, எதை வைத்துப் போடுவது

கன மீட்டர் மென்மரம் வளரும்போது உறிஞ்சி வைத்த கார்பன் டைஆக்சைடு சுமார் 700 கிலோ: உலர்ந்த மரத்தின் எடையில் பாதி கார்பன், ஒரு கிலோ கார்பனுக்கு 3.67 கிலோ கார்பன் டைஆக்சைடு. இந்த எண்ணை மொத்தத்திலிருந்து கழித்து, வீடு கார்பனை விழுங்குகிறது என்று விளம்பரம் செய்வது எளிது. ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 15804-இன் வழியில், மரம் உள்ளே வரும்போது கழித்தது அதன் ஆயுள் முடிவில் மீண்டும் கூட்டப்படுகிறது. எனவே தயாரிப்பு, போக்குவரத்து, கட்டுமானம் ஆகியவற்றின் உமிழ்வைத் தனியாகவும் மரத்தில் சேமித்த கார்பனைத் தனியாகவும் எழுதுங்கள். மூன்று வழிகளை ஒப்பிடும்போது முதல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

பின்சேர்ப்பில் ஆர்க்கிடெக்ட் போடும் கணக்கு சுவர்ப் பரப்பைச் சராசரியால் பெருக்கியது. அதில் எஃகு இருக்காது, மரப்பங்கு 15 சதவீதமாக இருக்கும். தனிப் பொறியாளர் வந்தால் உத்திர அளவுகளும் எஃகும் அதில் சேரும். ஆலையோடு தொடங்கினால் வெட்டுப்பட்டியலே கிடைக்கும்: எத்தனை கன மீட்டர், எந்தத் தரம், கழிவு எவ்வளவு, மரம் எங்கிருந்து லாரி ஏறியது. அந்த ஆலையின் பொருள்களுக்கான உமிழ்வைச் சொல்லும் சுற்றுச்சூழல் அறிவிக்கையையும் அதனோடு சேர்த்தால் கணக்கு உண்மைக்கு அருகில் வரும். துல்லியத்தில் மூன்றாவது வழிக்கு நிகர் இல்லை.

பணம், போட்டி, பொறுப்பு

பின்சேர்ப்பின் உண்மையான பலம் போட்டி. நான்கு ஆலைகள் ஒரே வரைபடத்துக்கு விலை சொல்கின்றன. ஆனால் அவை ஒரே பொருளுக்கா விலை சொல்கின்றன? ஒருவர் எஃகைச் சேர்த்திருப்பார், இன்னொருவர் 'பிறரால்' என்று ஒதுக்கியிருப்பார். ஒருவர் காற்றுப்புகாப் படலத்தைப் போட்டிருப்பார், மற்றவர் வெறும் சட்டகத்தை மட்டும் தருவார். மலிவான விலை பெரும்பாலும் விடுபட்டவற்றால் மலிவு.

தனிப் பொறியாளர் வழியில் போட்டி தங்குகிறது, ஒப்பீடும் நேர்மையாகிறது: எல்லா ஆலைக்கும் ஒரே அளவு, ஒரே சுமை, ஒரே இணைப்பு விவரம். இதற்கு விலை இருமுறை வடிவமைப்பு. பொறியாளர் கணக்கிட்ட பிறகும் ஆலை தன் இயந்திரத்துக்கும் தன் இணைப்புக்கும் ஏற்ப மறுபடி வரையும். பொறியாளர் ஒரு குறிப்பிட்ட உத்திர வகையை இறுக்கி எழுதிவிட்டால், அதைக் கையாளாத ஆலை விலகும் அல்லது விலையைக் கூட்டும். எனவே அவர் எழுத வேண்டியது சுமை, ஆழ வரம்பு, அதிர்வு வரம்பு, தீத்தடுப்பு நிமிடம் என்ற தேவைகளை. பொருளின் பெயரை அல்ல. ஆலை அனுபவம் இல்லாத பொறியாளர் வரைந்த அழகான விவரம், கிரேனில் தொங்கும் பேனலில் செய்ய முடியாததாக இருப்பதும் உண்டு.

ஆலையோடு தொடங்கும்போது கட்டணத்தைத் தவிர்த்து, இலவச ஆலோசனையாகவே வாங்கிவிடலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். இலவச ஆலோசனையில் வரைபடம் யாருடையது என்ற உரிமை தெளிவாக இருக்காது, தவறுக்குப் பொறுப்பும் இருக்காது. உங்கள் வீடு ஆலையின் கையிருப்பில் உள்ள முறைக்குள் மெல்ல அடக்கப்படும். கட்டணம் கொடுங்கள், மூன்று வரிகளை எழுதி வாங்குங்கள். ஒன்று, வரைபடங்களையும் சுமைத்தாளையும் வேறு ஆலைக்குக் கொடுக்கும் உரிமை உங்களுடையது. இரண்டு, அதே ஆலைக்கு வேலை போனால் கட்டணம் ஒப்பந்தத் தொகையில் கழியும். மூன்று, விலை கன மீட்டர், சதுர மீட்டர் அளவில் திறந்த பட்டியலாக வரும். இவை இல்லாமல் மூன்றாவது வழியில் போனால், பேரம் பேசும் இடத்தை அனுமதி கிடைக்கும் முன்பே கைவிட்டதாகும்.

பொறுப்புப் பட்டியல் ஒன்று எந்த வழியிலும் வேண்டும். அடிக்கடி ஆளில்லாமல் நிற்பவை: அடிப்படுக்கைச் சட்டத்தின் நங்கூரம், சட்டகம் எழும்பும்போதான தற்காலிகத் தாங்கல், வெளிப்பலகை மாட்டும் ரீப்பரின் காற்றுக் கணக்கு, பால்கனி இணைப்பு, ஜன்னல் மாட்டும் கோணங்கள், தளங்களுக்கிடையே தீத்தடுப்புக் கட்டை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு பெயர் இருக்க வேண்டும்.

ஆலையோடு சேர்ந்து வரும் முறை

ஆலையைத் தேர்ந்தெடுப்பது சுவர் முறையையும் தேர்ந்தெடுப்பதாகும். திறந்த பேனல் என்பது சட்டமும் வெளிப்பலகையும் மட்டும். காப்பு, படலம், ரீப்பர் எல்லாம் தளத்தில். இலகு, சிறு கிரேன் போதும், பின்னால் மாற்றலாம். ஆனால் காற்றுப்புகாமை தளத்து ஆட்களின் கையில். மூடிய பேனலில் காப்பும் படலங்களும் ஆலையிலேயே முடியும், சில சமயம் ஜன்னலும் பொருத்தி வரும். தரம் நிச்சயம், ஆனால் எடை கூடும், வழியில் மழையில் நனைந்தால் உள்ளே காய வழியில்லை, வயர் துளைகள் எல்லாம் வரைபடத்திலேயே முடிவாக வேண்டும். பின்சேர்ப்புக்கு மூடிய பேனல் ஒத்துவராது. அனுமதிக்குப் பிறகும் ஜன்னல் மாறிக்கொண்டிருக்கும் வீட்டில் அது விலையுயர்ந்த தவறு.

குறுக்கடுக்கு ஒட்டுமரம், சுருக்கமாக சிஎல்டி, இன்னொரு தேர்வு. 100 மி.மீ சிஎல்டி சுவருக்குச் சதுர மீட்டருக்கு 0.1 கன மீட்டர் மரம், 140 மி.மீ சட்டகத்தில் 20 சதவீத மரமும் 9 மி.மீ ஓஎஸ்பியும் சேர்த்து 0.037. ஏறத்தாழ மூன்று மடங்கு. திறப்புகளும் மூலைகளும் சிஎல்டியில் எளிது, எஃகு குறையும். ஆனால் ஒன்றிரண்டு தள வீட்டுக்கு மூன்று மடங்கு மரம் நியாயமில்லை என்பதே எங்கள் கருத்து. காட்டின் மரத்துக்கு எல்லை உண்டு. கண்ணாடி முகப்பின் பக்கவாட்டு விசைக்கு ஒரே ஒரு சிஎல்டி சுவர், மற்றதெல்லாம் சட்டகம் என்ற கலப்பு நன்றாக வேலை செய்யும், அதற்கும் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

லாரியும் ஒரு வடிவமைப்பாளரே. பேனல் நின்றபடி பயணிக்கும். பல நாடுகளில் வண்டியின் மொத்த உயரம் 4 மீட்டர் என்பதால் பேனலின் உயரம் 3 மீட்டரை ஒட்டியே நிற்க வேண்டும். 3.3 மீட்டர் தளஉயரம் வரைந்தால் ஒவ்வொரு சுவரும் இரண்டு துண்டாகும்; கிடையான ஒரு மூட்டு, அதன் நீளம் முழுக்க ஒட்டும் நாடா, கூடுதல் படுக்கைச் சட்டங்கள்.

எழும்பும் வரிசையில் மறைந்துபோகும் விவரங்கள்

இரண்டு விஷயங்கள் அனுமதி வரைபடத்தில் தெரியாதவை. ஆனால் சட்டகம் எழும்பும் நாளுக்குப் பிறகு அவற்றைச் சேர்க்க வழியே இல்லை.

காற்றுப்புகாப் படலம் முதல் தளத்து உத்திரங்களின் முனையைச் சுற்றித் தொடர வேண்டும். கீழ்ச் சுவர் நின்றதும், மேல்தள உத்திரம் உட்காருவதற்கு முன், ஒரு பட்டைப் படலத்தைச் சுவர்த்தலையில் விரித்து வெளியே தொங்கவிட்டு, பின் உத்திர முனைகளை மூடும் விளிம்புக் கட்டையைச் சுற்றி மேலே மடித்து மேல்சுவரின் படலத்தோடு ஒட்ட வேண்டும். இந்த இடத்தில் அது காப்பின் குளிர்ப்பக்கம் வருவதால் நீராவி வெளியேற விடும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண நீராவித் தடுப்புத் தாளைச் சுற்றினால் விளிம்புக் கட்டை உள்ளேயே ஈரம் கோத்து அழுகும். மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வீடுகளுக்கான பாசிவ் ஹவுஸ் தரத்தின் வரம்பான, 50 பாஸ்கலில் மணிக்கு 0.6 காற்றுமாற்றத்தை எட்ட முடியாத பல வீடுகளில் கசிவு தேடிப்போனால் இந்தத் தளவிளிம்பில்தான் காற்று வருகிறது.

மற்றது சுருக்கம். மென்மரம் நாருக்குக் குறுக்கே, ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் சுமார் 0.25 சதவீதம் சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் புறக்கணிக்கத்தக்கது. 20 சதவீத ஈரத்தில் எழும்பிய சட்டகம் 12-க்கு வரும்போது படுத்திருக்கும் மரம் 2 சதவீதம் இறங்கும். ஒரு தளத்தில் 38 மி.மீ படுக்கைச் சட்டம் நான்கும் 240 மி.மீ திடமர விளிம்புக் கட்டையும் சேர்ந்தால் ஏறக்குறைய 8 மி.மீ. விளிம்புக் கட்டையைப் பொறியியல் மரத்தில் போட்டால் 3 மி.மீ. வெளியே செங்கல் உறை நிற்கும் வீட்டில் செங்கல் இறங்காது, சட்டகம் இறங்கும். ஜன்னல் அடிப்பலகைக்குக் கீழும் கூரை விளிம்பிலும் இடைவெளி விடாவிட்டால் ஜன்னல் செங்கல் மேல் ஏறி உட்கார்ந்து பிதுங்கும். வெளி உறை செங்கலா மரமா என்பதை முகப்பு அழகு என்று மட்டும் எண்ணி ஆர்க்கிடெக்ட் முடிவு செய்யும்போது, அது சட்டகத்தின் அசைவையும் முடிவு செய்கிறது.

எந்த வீட்டுக்கு எது

ஒரே தளம், செவ்வகம், திறப்புகள் 2.4 மீட்டருக்குள், சாதாரண முக்கோணக் கூரை: பின்சேர்ப்பு போதும். ஆர்க்கிடெக்ட் 600 கட்டத்தில் வரைந்து, சுவரை 400 மி.மீ-க்குக் குறையாமல் வைத்தால் பெரிய விபத்து எதுவும் நடக்காது.

சரிவான மனை, பெரிய திறப்புகள், கூரை வரை திறந்த அறைகள், சுற்றுவட்டாரத்தில் பல ஆலைகள் என்றால் தனிப் பொறியாளர். கட்டணம் கூடுதல், ஆனால் எஃகையும் கான்கிரீட்டையும் குறைக்கும் ஊக்கம் அவரிடம்தான் கலப்பில்லாமல் இருக்கும். மரத்தில் பழகியவரா என்று மட்டும் உறுதி செய்யுங்கள். எஃகும் கான்கிரீட்டும் மட்டும் கணக்கிட்டுப் பழகியவர், மரத்தையும் அப்படியே தடித்து வரைவார்.

மூடிய பேனல், பாசிவ் ஹவுஸ் அளவு காற்றுப்புகாமை, இறுக்கமான கால அட்டவணை: ஆலையோடு தொடக்கம். வடிவம் உறைந்த நாளிலிருந்து பேனல் வந்து சேரப் பெரும்பாலும் 8 முதல் 12 வாரம் ஆகும். ஆலையின் தயாரிப்பு வரிசையில் இடம் முன்கூட்டிப் பதிவாகியிருப்பது பெரிய நிம்மதி.

முடிவெடுக்க முடியவில்லை என்றால் ஒரு நடுவழி இருக்கிறது. பெரும்பாலான வீடுகளுக்கு நாங்கள் பரிந்துரைப்பது அதையே. அனுமதி வரைபடத்துக்கு முன், கட்டணம் கொடுத்து, மரம் அறிந்த ஒருவரோடு அரைநாள் அமர்வு ஒன்று, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபார்வை ஒன்று. அந்த ஒருவர் தனிப் பொறியாளராகவோ ஆலையின் வடிவமைப்பாளராகவோ இருக்கலாம்.

முதல் அமர்வுக்கு ஆர்க்கிடெக்ட் கொண்டுவர வேண்டியது 1:100 தளப்படம், இரண்டு குறுக்குவெட்டு, மண் ஆய்வு அறிக்கை, மனைக்கு வரும் சாலையின் அகலமும் கிரேன் நிற்கக்கூடிய இடமும், எல்லைக்கோட்டிலிருந்து வீட்டின் தூரம். கடைசியது தீத்தடுப்புக்காக, எல்லைக்கு அருகில் உள்ள சுவரின் பலகையும் உறையும் மாறும். இன்னும் மெருகேற்றிய முப்பரிமாணப் படம் வேண்டாம். மெருகேறிய படத்தை மாற்ற யாருக்கும் மனம் வராது.

அமர்விலிருந்து எழுத்தில் வெளிவர வேண்டியவை: சுவர், தளம், கூரை மூன்றின் அடுக்கும் மொத்தத் தடிமனும், கட்டத்தின் தொடக்கப்புள்ளி, காற்று விசையைத் தாங்கும் சுவர்கள் வண்ணத்தில் குறித்த தளப்படம், 3 மீட்டருக்கு மேற்பட்ட ஒவ்வொரு திறப்பின் மேலும் வரும் உத்திரத்தின் ஆழம், குழாய்கள் ஓடும் பாதை, சுமைத்தாளின் முதல் வரைவு. ஐஎஃப்சி கோப்பு (மென்பொருள்களுக்கிடையே கட்டிட மாதிரியை மாற்ற உதவும் பொது வடிவம்) பரிமாறிக்கொள்வதாக இருந்தால் சுவரின் எந்த முகம் குறிப்புக்கோடு என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள். ஆர்க்கிடெக்ட் வெளிமுகத்தையும் ஆலை நிலைச்சட்டத்தின் வெளிவிளிம்பையும் பிடித்து வரைந்தால், ஜன்னல் அளவுகள் தவறியதை ஆலையில் வெட்டிய பிறகே கண்டுபிடிப்பீர்கள்.

ஏற்கெனவே அனுமதி வாங்கிவிட்டவர்களுக்கும் சில கதவுகள் திறந்தே இருக்கின்றன. வெளிக்கோடும் முகப்பும் மாறாமல் உள்சுவர்களைக் காற்று விசைக்கு மாற்றி அமைக்கலாம். உத்திரங்களின் திசையைத் திருப்பிப் பெரிய திறப்பின் மேல் சுமை விழாமல் செய்யலாம். அப்போது எஃகு தேவைப்பட்ட இடத்தில் மெல்லிய ஒட்டடுக்கு உத்திரம் போதுமானதாகிவிடும். குழி தோண்டும் முன் சுமைத்தாளை அடித்தளப் பொறியாளருக்கு அனுப்பலாம். கூரையின் வெளித்தோற்றம் மாறாத வரை உள்ளே காப்பின் ஆழத்தைக் கூட்டலாம். இந்த நான்கையும் ஆலைகளிடம் விலை கேட்பதற்கு முன் செய்யுங்கள். விலை வந்த பிறகு செய்தால் ஒவ்வொன்றும் மாற்று உத்தரவாகக் கணக்கில் ஏறும்.